அந்தத் தாளத்தை அடித்தது யார்?

ரிஹானாவின் 'அம்ப்ரெல்லா' 2007இல் வந்தது. தொடங்கும்போதே கனமான ஒரு ட்ரம், அதோடு சீறிக்கொண்டே ஹை-ஹாட். உலகமெங்கும் கேட்ட அந்தத் தாளத்தை அந்தப் பாட்டுக்கென்று யாரும் வாசிக்கவில்லை. ஆப்பிள் கணினியோடு வரும் கராஜ்பேண்ட் மென்பொருளில் 'விண்டேஜ் ஃபங்க் கிட் 03' என்ற பெயரில் அது ஏற்கெனவே இருந்தது. 2024இல் சப்ரினா கார்ப்பென்டரின் 'எஸ்பிரெஸ்ஸோ'வும் அப்படித்தான். ஸ்ப்ளைஸ் என்ற சந்தாத் தளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய லூப்களை வைத்துக் கட்டிய பாட்டு அது.

என்னிடம் இசைத் தயாரிப்பு கற்க வரும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னதும் வகுப்பு இரண்டாகப் பிரியும். "இது ஏமாத்து வேலை சார்" என்பார்கள் சிலர். "அவங்களே ரெடிமேடா எடுத்துப் போடுறாங்க, நாம மட்டும் ஏன் சார் கஷ்டப்படணும்?" என்பார்கள் மற்றவர்கள்.

இப்படி ரெடிமேடாகக் கிடைக்கும் ஒலிகளின் தொகுப்புதான் சாம்பிள் பேக். ஒற்றை ட்ரம் அடி, நான்கு தாளச் சுற்று நீளும் கிட்டார் துணுக்கு, ஒரு பாடகியின் ஆலாபனை என்று நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒருமுறை காசு கட்டினால் பெரும்பாலும் ராயல்டி இல்லாமல் பயன்படுத்தலாம். ஆனால் அந்த உரிமை உங்களுக்கு மட்டுமானதல்ல. அதே துணுக்கை வேறு ஊரில் இன்னொருவரும் போட்டிருப்பார். அவர் தன் பாட்டை முதலில் பதிந்துவிட்டால், ஒலியை ஒப்பிட்டுப் பார்க்கும் இணையக் கருவி உங்கள் பாட்டைத் திருட்டு என்று காட்டவும் கூடும்.

நான் பேக்குகளைப் பயன்படுத்துகிறவன். விளம்பரப் படத்துக்குக் காலையில் அழைத்து மாலையில் இசை கேட்பார்கள். அப்போது கிக் ட்ரம்மை ஒன்றுமில்லாததிலிருந்து செய்ய உட்கார முடியாது, உட்காரத் தேவையும் இல்லை. ரோலண்ட் நிறுவனம் 1980இல் கொண்டுவந்த டி.ஆர்-808 இயந்திரத்தின் கிக் இன்றைக்கும் பாட்டுக்குப் பாட்டு அதிர்கிறது. அதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. என் கவலை வேறு. பேக்கில் உள்ள ஒவ்வொரு ஒலியும் ஒருநாள் யாரோ ஒருவர் கையிலிருந்து, ஏதோ ஓர் இடத்தில் பிறந்தது. ஃபைலாக நம்மிடம் வந்து சேரும்போது அந்தக் கையும் இடமும் உதிர்ந்துவிடுகின்றன.

இதற்கு மிகத் துயரமான சாட்சி 'ஏமன் பிரேக்'. வாஷிங்டனைச் சேர்ந்த 'தி வின்ஸ்டன்ஸ்' குழு 1969இல் வெளியிட்ட ஓர் இசைத்தட்டின் பின்பக்கத்தில் 'ஏமன், பிரதர்' என்ற பாட்டு. அதன் நடுவே மற்ற வாத்தியங்கள் நின்றுவிட, கிரெகரி கோல்மன் நான்கு தாளச் சுற்றுகள் தனியாக ட்ரம் வாசிக்கிறார். ஏறக்குறைய ஏழு நொடிதான். டி.ஜே.க்களுக்காக 1986இலிருந்து வெளிவந்த 'அல்டிமேட் பிரேக்ஸ் அண்ட் பீட்ஸ்' தொகுப்பு அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. இன்றைய சாம்பிள் பேக்குக்கு முன்னோடி என்றே அந்தத் தொகுப்பைச் சொல்வேன். சாம்பிளர் கருவி கையில் கிடைத்ததும் ஹிப்-ஹாப் கலைஞர்கள் அந்த ட்ரம் துணுக்கை எடுத்தார்கள். 90களின் தொடக்கத்தில் லண்டன் இளைஞர்கள் அதை வேகம் கூட்டி, அடி அடியாக நறுக்கி மாற்றி அடுக்கினார்கள். ஜங்கிள், ட்ரம் அண்ட் பேஸ் என்ற இசைவகைகளே அதன்மேல் எழுந்தன. ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அந்தச் சில நொடிகள் இருக்கின்றன. கோல்மனுக்கு அவற்றிலிருந்து ராயல்டி வரவில்லை. 2006இல் வறுமையில் இறந்தார். 2015இல் பிரிட்டன் ரசிகர்கள் 24,000 பவுண்டு திரட்டிக் குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் கொடுத்தார்கள். கோல்மன் அதைப் பார்க்கவில்லை.

சொந்தமாக ஒலி செய்வது என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டால், பி.பி.சி.யில் பணியாற்றிய டீலியா டெர்பிஷயரைக் காட்டுவேன். 1963இல் 'டாக்டர் ஹூ' தொடரின் முகப்பிசையை அவர் செய்தபோது கீபோர்டைத் தட்டினால் ஒலி தரும் சிந்தசைசர் அங்கே இல்லை. ஒரு கம்பியை மீட்டி டேப்பில் பதிந்தார். டேப்பின் வேகத்தை மாற்றி மாற்றி ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனியாக எடுத்தார். அந்த டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி அந்த இசையின் பேஸ் வரியைக் கட்டினார். மெட்டமைத்த ரான் கிரெய்னர், அந்தப் பெருமையில் டெர்பிஷயருக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டும் பி.பி.சி. அன்று இணங்கவில்லை. இங்கேயும் கை மறைக்கப்பட்டது.

அன்று டெர்பிஷயர் டேப்பில் செய்ததை இன்று ஒரு செல்போனும் இலவச மென்பொருளும் செய்துவிடும். கடை ஷட்டரை இழுத்து மூடும் சத்தத்தைப் பதியுங்கள். வேகத்தைப் பாதியாக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும், நீளம் இரட்டிக்கும். பிறகு ஒலியின் முதல் நொறுங்கல் நொடியை வெட்டிவிடுங்கள். ஒரு பொருளை நம் காது அடையாளம் காண்பது பெரும்பாலும் அந்தத் தொடக்கத்தை வைத்துத்தான். அது போனதும் ஷட்டர் என்று சொல்ல முடியாது, குகைக்குள் யாரோ மூச்சுவிடுவது போல இருக்கும். பாரிஸில் இசையமைப்பாளர் பியர் ஷேஃபர் மணியோசையின் தொடக்கத்தை வெட்டி இதைச் சோதித்தது 1948இல். இந்த வேலையில் கிடைக்கும் பெரிய லாபம் காதுக்குத்தான். ஒருமுறை செய்தவர்கள் தெருவில் நடக்கும்போதும் கேட்டுக்கொண்டே நடப்பார்கள். அதனால் என் வழி இது: கிக், ஹை-ஹாட் போன்றவை வாங்கியவையாக இருக்கட்டும். பாட்டின் முகமாக நிற்கும் ஒலி நாமே பிடித்ததாக இருக்க வேண்டும்.

வெளிநாட்டு பேக்குகளில் தபலா தாராளமாகக் கிடைக்கும். பறை அபூர்வம். கிடைத்தாலும் ஏதோ ஒரு 'எத்னிக் ட்ரம்' என்ற பெயரில் ஓரிரு அடிகள் இருக்கும், அவ்வளவுதான். எனக்கு அது பொறுக்கவில்லை. பறை வாசிக்கும் அண்ணன் ஒருவரை ஸ்டுடியோவுக்கு அழைத்தேன். வாசலில் காகிதத்தைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார். சூட்டில் தோல் இறுகி, அடி கண்ணாடி உடைவது போல் தெறித்தது. "சீக்கிரம் எடுத்துக்கங்க தம்பி, ஆறுனா கம்மிரும்" என்றார். கம்மிய ஒலியும் எனக்கு வேண்டும் என்றேன். வியந்து பார்த்தார். பிறகு உற்சாகமாகி, ஆற ஆற அதே அடியை வாசித்துக்கொண்டே இருந்தார். நடுநடுவே, எந்த அடி சாவுக்கு, எது சாமி ஊர்வலத்துக்கு என்றும் சொன்னார். எந்த பேக்கும் எனக்கு அதைச் சொன்னதில்லை.

ஒவ்வொரு ஃபைலின் பெயரிலும் அவர் பெயர், ஊர், சூடா ஆறியதா என்ற குறிப்பு எல்லாம் இருக்கின்றன. முழுக்க ஆறிய அடியை ஒரு ஸ்தாயி இறக்கி, ஒரு குறும்படத்தின் அடிநாத ஒலியாக வைத்தேன். அதற்கு அவருக்குத் தனியாகச் சம்பளம் போனது. டைட்டிலில் 'பறை' என்று போட்டு அவர் பெயரும் வந்தது.