எஞ்சின் ஓடுமா, டேங்க் தாங்குமா?

காயலான் கடையில் துருவேறிக் கிடக்கும் பெட்ரோல் எஞ்சின் வைத்த ஏர் கம்ப்ரஸரைப் பார்த்தால், வாங்க வருகிறவர் முதலில் கேட்பது "எஞ்சின் ஓடுமா?" என்றுதான். முப்பது வருஷத்துக்கு முன்பும் இதையேதான் கேட்டார்கள். அன்று அதில் நியாயம் இருந்தது. இன்று அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி.

அன்று கரண்ட் கம்பி எட்டாத நெடுஞ்சாலை ஓரங்களில் பஞ்சர் கடை என்றாலே எஞ்சின் கம்ப்ரஸர்தான். லாரி டயருக்கு நூறு பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று வேண்டும்; கைப்பம்பு அதற்குக் காணாது. வில்லியர்ஸ் போன்ற எஞ்சின்கள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. மேலே சின்னதாக ஒரு பெட்ரோல் டேங்க், பக்கத்தில் பெரிய மண்ணெண்ணெய் டேங்க், நடுவில் திருப்புவதற்கு ஒரு காக். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். கடையை மூடுமுன் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பி, கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் மண்ணெண்ணெய் தீரும்வரை ஓடவிட வேண்டும். இதை மறந்துவிட்டால் மறுநாள் காலை கயிறு இழுத்தே தோள் கழன்றுவிடும். எரியாத மண்ணெண்ணெய் ரிங் வழியாகக் கீழே இறங்கி ஆயிலையும் தண்ணீராக்கும்.

அந்தக் காலத்து மெக்கானிக்கின் கைத்திறன் எல்லாம் ஃபிளைவீலுக்கு அடியில் இருந்தது. தீப்பொறி வரவில்லை என்றால் புல்லர் போட்டு ஃபிளைவீலைக் கழற்றுவார். உள்ளே பாயின்ட் செட் கருகிக் கிடக்கும். ஒரு முகத்தில் குழி, எதிர் முகத்தில் மேடு என்று இருந்தால் கண்டென்சர் போய்விட்டது என்று அர்த்தம். பாயின்ட்டை மட்டும் தேய்த்துவிட்டு மூடினால் ஒரு மாதத்தில் திரும்பி வரும். எமரித் தாளை மெல்லிய தகட்டில் சுற்றி, குழி மறையும்வரை தேய்ப்பார். ஃபீலர் கேஜ் இல்லாத ஊரில் மடித்த போஸ்ட் கார்டுதான் அளவு; அரை மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய வரும். அதைச் செருகி, ஸ்க்ரூவை இறுக்கி, கார்டை உருவும்போது விரலில் லேசாகப் பிடிக்க வேண்டும். பிறகு பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடம்பிலேயே ஒட்டிவைத்துக் கயிறு இழுத்தால், நீலமாகச் சொடுக்கும். மஞ்சளாக மினுங்கினால் மறுபடி முதலிலிருந்து.

நகரத்துக் கடைகளில் எப்போதோ மோட்டார் வந்துவிட்டது. கோயம்புத்தூரில் 1960இல் தொடங்கிய எல்ஜி நிறுவனத்தின் கம்ப்ரஸர் இல்லாத ஒர்க்‌ஷாப்பைத் தமிழ்நாட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டும். எஞ்சின்கள் மூலைக்குப் போயின. 2012 வாக்கில் மாநிலம் முழுவதும் மின்வெட்டு கழுத்தை நெரித்தபோது அதே எஞ்சின்களைத் தூசி தட்டி வெளியே இழுத்தார்கள். ஸ்ப்ரே பெயிண்ட் பட்டறைக்காரர்களும் அப்போது பழைய எஞ்சின் தேடி அலைந்தார்கள். மின்வெட்டு போனது, எஞ்சின்கள் திரும்பவும் மூலைக்கே போயின. இன்று காயலான் கடைக்கு வருகிறவற்றில் பல, அப்படி இரண்டாம் முறை ஓய்வு பெற்றவை.

ஆனால் பழுது பார்க்கும் வேலை அடியோடு மாறிவிட்டது. ஹோண்டா 1983இல் ஜி.எக்ஸ். வரிசையைக் கொண்டுவந்தது; வால்வுகள் சிலிண்டர் ஹெட்டுக்குள் ஏறின. அதைப் பார்த்து வார்த்த சீன எஞ்சின்கள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. பாயின்ட் இல்லை, கண்டென்சர் இல்லை. ஃபிளைவீலுக்கு வெளியே ஒரு காயில், அவ்வளவுதான். போனால் மாற்ற வேண்டியது, தேய்க்க ஒன்றுமில்லை. கார்புரேட்டரையும் இப்போது யாரும் கழுவுவதில்லை, முழுசாக மாற்றிவிடுகிறார்கள். இது எனக்குப் பாதிதான் சம்மதம். வயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி ஜெட்டில் விட்டு அடைப்பெடுப்பதற்குப் பத்து நிமிஷம் போதும். ஜெட் அடைத்த கார்புரேட்டரைக் குப்பையில் போடுவது சோம்பேறித்தனம்.

பெட்ரோலும் அன்றைய பெட்ரோல் இல்லை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். பழைய எஞ்சினில் இருக்கும் ரப்பர் குழாயும் கேஸ்கெட்டும் இதற்குப் பழகியவை அல்ல. ஊறி, உப்பி, வெடித்துவிடும். ஆகவே நின்ற எஞ்சினில் இருக்கும் பெட்ரோலைச் சொட்டுவிடாமல் வடித்துவிட்டு, குழாயையும் மாற்றிவிட்டுத்தான் கயிற்றைத் தொட வேண்டும்.

புதிய எஞ்சின்களுக்கென்று ஒரு குறும்பும் உண்டு. ஆயில் குறைந்தால் தீப்பொறியை அறுத்துவிடும் சென்சார் பலவற்றில் இருக்கிறது. பழைய பழக்கத்தில் பிளக், காயில் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போவார்கள். ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தால் காய்ந்து கிடக்கும்.

மாறாத விஷயம் ஒன்று: முதலில் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். எஞ்சின் தனியாக ஓடட்டும், பம்ப்பைத் தனியாகக் கையால் சுற்றிப் பார்க்கலாம். சுற்றும்போது ஏர் ஃபில்டர் வழியாகக் காற்று திரும்பி வந்தால் ஹெட்டில் உள்ள தகட்டு வால்வில் கரி படிந்திருக்கிறது. மோட்டார் மாதிரி எஞ்சினை நினைத்தபோது நிறுத்தி ஸ்டார்ட் செய்ய முடியாது; டேங்க் நிறைந்ததும் அன்லோடர் வால்வு பம்ப்பைச் சும்மா சுழலவிட்டு எஞ்சின் வேகத்தையும் இறக்கும். அந்த வால்வு ஒட்டிக்கொண்டு நின்றால் எஞ்சினுக்கு முழுப் பாரமும் ஏறி, கயிறு கையைப் பிடுங்கிக்கொண்டு போகும். எஞ்சின் ரிப்பேர் என்று கழற்றி வைக்கப்பட்ட பல எஞ்சின்களில் ஒரு குறையும் இருந்திருக்காது.

மோட்டாரைக் கழற்றிவிட்டு எஞ்சின் வைத்த செட்டுகளில் இன்னொரு கூத்து நடக்கும். மோட்டாரைத் திருப்பி ஓடவைக்கலாம், எஞ்சினை முடியாது. எஞ்சினை எந்தப் பக்கம் பார்த்து வைத்தோம் என்பதைப் பொறுத்து பம்ப் தலைகீழாகச் சுற்றும். காற்று ஏறத்தான் செய்யும். ஆனால் பம்ப் சக்கரத்தின் ஆரங்கள்தான் விசிறி. அவை ஹெட்டின் மேல் வீச வேண்டிய காற்றை வெளியே தள்ளும். ஹெட் தீயாய்க் கொதிக்கும். பம்ப்பின் மேல் இருக்கும் அம்புக்குறியை யாரோ பெயிண்ட் அடித்து மறைத்திருப்பார்கள்.

இனி டேங்க். அன்று யாரும் அதைக் கண்டுகொண்டதில்லை. காற்றை அமுக்கும்போதெல்லாம் அதிலுள்ள ஈரம் தண்ணீராகி டேங்கின் அடியில் சேரும். தினமும் திறக்க வேண்டிய அடி காக்கைத் திறக்காமலே வருஷங்கள் போயிருக்கும். வாங்கப் போகும்போது அந்தக் காக்கைத் திறந்து பாருங்கள். செம்மண் குழம்பு மாதிரித் தண்ணீர் வந்தால், தகடு உள்ளிருந்து தின்னப்பட்டுக்கொண்டிருக்கிறது. வெளியே தட்டிப் பார்ப்பது பழைய வழக்கம். நல்ல தகடு கணீரென்று கேட்கும், அடிப்பக்கம் மட்டும் மந்தமாகக் கேட்டால் வேண்டாம். ஆனால் காதை மட்டும் நம்ப முடியாது. டேங்க் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, ஓடப்போகும் பிரஷரைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்ப்பதே சரியான சோதனை: 150க்கு ஓட்டுவதென்றால் 225. தண்ணீர் சுருங்காது, தகடு விட்டாலும் பீய்ச்சியடிப்பதோடு சரி. அதையே காற்றால் செய்து பார்த்தால் டேங்க் குண்டாகிவிடும்.

ஓட்டையான இடத்தில் பட்டை வெல்டிங் வைத்து ஓட்டுவது அன்று சாதாரணம். இன்றும் சில பட்டறைகளில் கேட்டால் வைத்துத் தருவார்கள். ஒரு இடத்தில் ஓட்டை விழுந்தால் பக்கத்துத் தகடும் மெலிந்துதான் இருக்கும்; வெல்டிங் சூடு அதை இன்னும் பலவீனப்படுத்தும். எஞ்சினுக்கு எத்தனை ஆயிரம் வேண்டுமானாலும் செலவழியுங்கள், அது பிடித்தமான வேலை. டேங்கில் மிச்சம் பிடிக்க வேண்டாம். சேஃப்டி வால்வும் அப்படியே. பழையதைப் பாலிஷ் போடாமல் புதிது வாங்கி மாட்டுங்கள்.

தேறாத டேங்கை எடைக்குப் போடுமுன் கட்டரால் பக்கத்தில் ஒரு கையகலம் வெட்டி எடுத்துவிடுங்கள். முழுசாகப் போட்டீர்களானால் அடுத்த மாதமே பச்சை பெயிண்ட் அடித்து, "எஞ்சின் ஜோரா ஓடுது சார்" என்று உங்களிடமே விற்க வருவார்கள்.