அரக்குத் தட்டில் ஒரு தோடி

நாகஸ்வரக் கலைஞர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை மறைந்தது 1956-ல். அவருடைய தோடி ராகத்தை இன்றும் நாம் கேட்க முடிகிறதென்றால், அதற்கு முக்கியக் காரணம் பழைய 78 சுற்று இசைத்தட்டுகள். ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான். கோயில் வீதியில் மணிக்கணக்காக வாசித்த ராகத்தை அதற்குள் அடக்கினார் அந்த மேதை.

இத்தகைய பழைய இசையைத் தேடுவோர் சென்னை மியூசிக் அகாடமியின் டிஜிட்டல் ஒலிக்காப்பகத்தில் அமர்ந்து கேட்கலாம். 1930-களில் ஆர்னால்டு பாக்கே என்ற டச்சு ஆய்வாளர் தென்னாட்டில் ஊர் ஊராகப் பதிவுசெய்த பாடல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்துப் பழைய வீடுகளின் பரணிலும் இசைத்தட்டுகள் கிடைக்கலாம். கிடைத்தால் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடாதீர்கள்! பழைய தட்டு அரக்கால் ஆனது, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். மெல்லிய தூரிகையால் தூசி தட்டினாலே போதும். லேபிளின் ஓரத்தில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவு எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்க அதுதான் துப்பு.

இதே வட்டாரத்துக் கல்வராயன் மலையின் பாட்டு வேறு வகை. நடவிலும் திருவிழாவிலும் வாய்வழியாகவே வளர்ந்தது அது. அதைத் தட்டில் தேடுவதைவிட, பாடுகிறவரிடம் நேரே போவதுதான் சரி. உங்கள் வீட்டுப் பாட்டிக்குப் பாட்டுத் தெரியுமா? அவர் சம்மதத்தோடு கைப்பேசியில் பதிவுசெய்யுங்கள். அவர் பெயர், ஊர், எந்தச் சடங்குக்கான பாட்டு, தேதி ஆகியவற்றை முதலில் அவர் குரலிலேயே சொல்ல வையுங்கள்.