சரித்திரப் படிப்பும் சாசனப் படிப்பும்

தம் புதல்வன் சர்வகலாசாலையில் சரித்திரம் படிக்கிறான் என்று சொல்ல நேரும் தந்தை, நமது நாட்டில் அதைச் சற்றுத் தாழ்ந்த குரலிலேயே சொல்லுகிறார். எஞ்சினீயரிங்கிலும் வைத்தியத்திலும் இடம் கிடைக்காதவனுக்கு விதிக்கப்பட்ட பிராயச்சித்தமே சரித்திரம் என்பது ஜனங்களின் எண்ணம். ஸர்க்கார் உத்தியோகப் பரீக்ஷைக்காவது உதவுமே என்று ஒருவாறு மனத்தைத் தேற்றிக்கொள்ளுகிறார்கள். அவர்களைக் கண்டிக்க நாம் முற்படவில்லை. இவ்வெண்ணத்துக்கு நமது பி.ஏ. வகுப்புகளே இடங்கொடுத்துவிட்டன என்பதுதான் நமது வருத்தம்.

சென்னை சர்வகலாசாலை 1857-ல் தோன்றிற்று. இந்திய சரித்திரத்துக்கும் புதைபொருளாராய்ச்சிக்கும் அங்கே தனி இலாகா ஏற்பட்டதோ 1914-ல். ஆங்கிலேயர் எழுதியதே அக்காலத்தில் நமக்குப் பெரும்பாலும் சரித்திரமாயிருந்தது. 1817-ல் இந்திய சரித்திரத்தை வெளியிட்ட ஜேம்ஸ் மில் இந்நாட்டில் கால் வைத்தவரல்லர். நம் பாஷைகளில் ஒன்றையும் அறியார். அந்த அறியாமையையே தமது நடுநிலைமைக்குச் சான்றாகக் காட்டிய தைரியசாலி! இந்நிலையை மாற்றியவை பிரசங்கங்களல்ல, கற்கள். தென்னிந்திய சாசனங்களின் முதல் தொகுதி 1890-ல் வெளிவந்தது. ஸ்ரீ எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காரும், அவருக்குப் பின் 1929-ல் அப்பீடத்தில் அமர்ந்த ஸ்ரீ நீலகண்ட சாஸ்திரியாரும் அச்சாசனங்களைத் துணைக்கொண்டே தென்னாட்டுச் சரித்திரத்தை நிறுத்தினார்கள்.

ஆனால் அவர்கள் கண்ட முடிவுகள் மட்டுமே இன்று மாணவர் கையில் குறிப்புப் புஸ்தகமாய் வந்து சேருகின்றன. கண்ட வழி வருவதில்லை. கல்வெட்டு ஒன்றையேனும் தாமே வாசித்தறியாமல் மூன்று வருஷம் படித்துச் சரித்திரப் பட்டம் பெற்றுவிடலாம். ரஸாயன மாணவன் சோதனைக் குழாயைத் தொடாமல் பட்டம் பெறுவானா?

இதனால் விளையும் கேட்டுக்கு உத்தரமேரூரே உதாரணம். முதற் பராந்தக சோழனுடைய 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921-ஆம் வருஷங்களில், அவ்வூர்ச் சபையார் செய்த ஏற்பாடுகள் கோயிற் சுவரில் வெட்டப்பட்டிருக்கின்றன. முப்பது குடும்புகள், பெயர் எழுதிய ஓலைகள், அவற்றைக் குடத்திலிட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கும் முறை. இவற்றைப் பரீக்ஷைக்கு எழுதாத மாணவனில்லை. 2020 டிசம்பரில் புதிய பார்லிமெண்டுக் கட்டடத்துக்கு அஸ்திவாரமிட்டபோது பிரதம மந்திரியும் இவ்வூரை எடுத்துச் சொன்னார். ஜனநாயகத்தின் பிறப்பிடம் என்று மேடைகளில் நாமும் முழங்கியிருக்கிறோம்.

சாசனத்தை வரிவரியாக வாசிப்பவன் மேலும் சில காண்பான். ஓலையில் பெயரிடப்படுவதற்கு இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். நிலம் அரைக்கால் வேலியே உடையவனுக்கும் கல்வி மிகுந்திருந்தால் இடமுண்டு. ஊரோ பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம். உழுத குடியானவனுக்கும் ஸ்திரீகளுக்கும் அக்குடத்தில் ஓலையில்லை. சபையார் இத்தீர்மானங்களைச் செய்தபோது ராஜாக்ஞையின்படி சோழனுடைய அதிகாரியும் உடனிருந்திருக்கிறான். வயது விதி 919-ல் முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்றிருந்தது, இரண்டே வருஷத்தில் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று மாறிற்று. ஏன் மாறிற்று? நல்ல மாணவன் ஒரு வருஷம் உழைக்கத்தக்க வினா அது.

நமது பெருமை இதனால் குன்றிவிடுமோ என்று அஞ்சுவோர் அதே கல்லில் மற்றொரு விதியையும் பார்க்கட்டும். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினரும் ஓலைக்குத் தகுதியற்றவர். கணக்குக் கேட்கும் இவ்விதியைச் சொல்லி இன்றைய ஸ்தல ஸ்தாபனங்களில் வோட்டுக் கேட்க எந்தக் கட்சிக்குத் துணிவுண்டு? மேடைப் பேச்சாளர் இவ்வரியைப் பெரும்பாலும் விட்டுவிடுவதன் காரணம் நமக்குப் புரியாமலில்லை.

ஆகவே சர்வகலாசாலையாரை நாம் கேட்பது பெரிய காரியமன்று. பி.ஏ. சரித்திர மாணவர் ஒவ்வொருவரும் ஒரு சாசனத்தையாவது மைப்படியிலிருந்து எழுத்துக்கூட்டி வாசித்து, அதன் காலத்தை நிர்ணயித்து, அது சொல்வது இன்னது, சொல்லாதது இன்னது என்று எழுதிக் காட்டவேண்டும். அதற்குப் பரீக்ஷையில் மார்க்கு வேண்டும். மார்க்கில்லாத படிப்பை நம் பிள்ளைகள் தொடமாட்டார்கள். ஆசிரியர்களுக்கு முதலில் இப்பயிற்சி வேண்டுமென்றால் கோடை விடுமுறை இருக்கிறது. உத்தரமேரூரோ சென்னையிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பக்கூடிய தூரத்திலேயே இருக்கிறது.