மூலிகைதானே... என்ன செய்துவிடும்?

"டாக்டர், இங்கிலீஷ் மருந்துன்னாலே பயமா இருக்கு. இது வெறும் மூலிகைதானே, ஒண்ணும் பண்ணாதில்லே?"

தாம்பரத்தில் சித்த வைத்தியம் பார்க்கிற என்னிடம் நாள் தவறாமல் வருகிற கேள்வி இது. பண்ணும் என்பதுதான் பதில்.

எங்கள் படிப்பில் 'நஞ்சு நூலும் மருத்துவ நீதி நூலும்' என்று தனிப் பாடமே உண்டு. எட்டி, சேராங்கொட்டை, நேர்வாளம், குன்றிமணி, கலப்பைக்கிழங்கு, அரளி... எல்லாமே எங்களுக்கு மருந்துச் சரக்கு. எல்லாமே நஞ்சு! முறைப்படி சுத்தி செய்து, நோயாளியின் உடல்வாகு பார்த்து, அளவு பார்த்துத்தான் கொடுப்போம். மத்திய அரசின் மருந்து விதிகளில் 'இ1' என்ற அட்டவணையில் இவற்றின் பெயர்கள் இருக்கின்றன. இவை சேர்ந்த உள்மருந்தின் லேபிளில், மருத்துவர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். நடைபாதையில் பேப்பரில் மடித்துத் தருகிற பொடிக்கு லேபிள் ஏது?

வீட்டைச் சுற்றி மூன்று செடிகள்

அரளி: பூஜைக்கு என்று காம்பவுண்டு ஓரம் வைத்திருப்போம். இதன் இலை, பூ, விதை எல்லாவற்றிலும் இதயத்துடிப்பைக் குலைக்கும் நஞ்சு இருக்கிறது. மஞ்சள் பூ பூக்கும் வகையின் விதை மிகக் கொடியது. 2024-ல் கேரளத்தில் ஓர் இளம்பெண் இறந்தபோது, தெரியாமல் அரளியை மென்றதுதான் காரணமோ என்ற சந்தேகம் எழுந்தது. திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு தன் கோயில்களின் நிவேதனத்தில் அரளிப் பூ வேண்டாமென்று அப்போது முடிவெடுத்தது.

செங்காந்தள்: நம் மாநில மலர். இதன் கிழங்கைத்தான் கலப்பைக்கிழங்கு, கண்வலிக்கிழங்கு என்கிறோம். சர்க்கரைவள்ளி என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டு ஆபத்தில் சிக்கியவர்கள் உண்டு. வேகவைத்தாலும் நஞ்சு போகாது. சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் ஆரம்பிக்கும். வீட்டில் 'ஃபுட் பாய்சன்' என்று நினைத்து மோரும் கஞ்சியும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அதற்குள் ரத்த அணுக்களை உற்பத்தி செய்யும் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டுவிடும். பிழைத்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டும். விசாரிக்கும் மருத்துவருக்கு அது ஒரு முக்கியத் துப்பு.

ஊமத்தை: காலி மனைகளில் தானாக முளைக்கும். அந்தக் காலத்தில் ரயில் பயணிகளின் உணவில் கலந்து கொள்ளையடித்தவர்கள் பயன்படுத்தியது இதைத்தான். விதை பார்வைக்கு மிளகாய் விதை மாதிரி இருக்கும். மிளகாய் விதை வெளிர்மஞ்சளாக, வழவழப்பாக இருக்கும். ஊமத்தை விதை பழுப்பாக, சிறுசிறு குழிகளோடு இருக்கும். சாப்பிட்டவருக்கு வாய் வறளும், கண்பாவை விரியும், பேச்சு பிதற்றலாகும்.

லேப் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுமா?

நஞ்சைக் கண்டறியும் வேலையில் நம் சென்னைக்குப் பழைய அனுபவம் உண்டு. அரசு ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849-லேயே இங்கே வந்துவிட்டது. அந்த வழியில் வந்ததுதான் மயிலாப்பூரில் இயங்கும் தடய அறிவியல் துறை. சந்தேக மரணம் என்றால், பிரேதப் பரிசோதனையில் இரைப்பை, குடல், கல்லீரல், சிறுநீரகம் இவற்றின் பகுதிகளை எடுத்து, உப்புக் கரைசல் நிரம்பிய ஜாடிகளில் போட்டு, சீல் வைத்து அனுப்புவார்கள்.

ஆர்சனிக் போன்ற உலோக நஞ்சு முடியிலும் நகத்திலும் நெடுநாள் தங்கும். தாவர நஞ்சு அப்படியல்ல. மிகச் சிறிய அளவே உயிரைக் குடித்துவிடும். பலவும் உடலிலேயே சிதைந்துவிடும். பெல்ஜியத்தில் புகையிலை நஞ்சால் நடந்த ஒரு கொலையை விசாரிக்கும்போதுதான், 1850-ல், உடல் திசுவிலிருந்து தாவர நஞ்சைப் பிரித்தெடுக்கும் வழியை ஸ்டாஸ் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தார். இன்று நவீனக் கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் எதைத் தேடுவது என்று தெரிந்தால்தான் வேலை சுலபம். உதாரணத்துக்கு, டிகாக்ஸின் என்ற இதய மருந்தின் அளவைப் பார்க்கிற ரத்தப் பரிசோதனை, அரளி நஞ்சையும் ஓரளவு காட்டிக்கொடுக்கும். ஆனால் அரளி என்று யாராவது வாய் திறந்து சொன்னால்தானே டாக்டர் அதை எழுதுவார்?

நீங்கள் செய்ய வேண்டியது

சந்தேகம் வந்த நிமிடமே 108-க்குப் போன் செய்யுங்கள். குரோம்பேட்டையோ செங்கல்பட்டோ, பக்கத்திலுள்ள பெரிய அரசு மருத்துவமனைக்குப் போங்கள். என்னைப் போன்ற சித்த வைத்தியரைத் தேடி வந்து நேரத்தைத் தொலைக்காதீர்கள். "நல்லாத்தானே பேசிட்டிருக்கார்" என்று இருந்துவிடாதீர்கள். ஒடுவந்தழை தின்றவர்கள் நடந்தே ஆஸ்பத்திரிக்கு வந்து, சில நாளில் இறந்திருக்கிறார்கள். அதற்கு மாற்று மருந்து கிடையாது.

உப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மயக்கத்தில் இருப்பவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். மீதமுள்ள இலை, கிழங்கு, பொடி, கஷாயம், வாந்தி எதையும் கொட்டிக் கழுவாமல், சுத்தமான டப்பாவில் மூடி எடுத்துப் போங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பதையும் சொல்லுங்கள்.

"போலீஸ் கேஸாயிடுமே" என்று மறைப்பவர்கள் உண்டு. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டித்த பழைய 309-ஆவது பிரிவு, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் இல்லை. மனம் சோர்ந்தவர்களுக்கு 104, 14416 எண்களில் இலவச ஆலோசனையும் கிடைக்கிறது.

நீங்கள் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நோயாளியின் ஆயுளிலிருந்து போகிறது. டாக்டரிடம் செடியின் பெயரைச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் செடியையே கொண்டு போங்கள்.