வெள்ளைக்கு ஓர் எல்லை

மட்டாஞ்சேரியை ஒட்டிய ஃபோர்ட் கொச்சி டோபிகானாவில் தமிழ் வண்ணார் குடும்பங்கள் கொடியில் உலர்த்தும் வேட்டிகளைப் படமெடுக்க வருபவர்களுக்குப் பஞ்சமில்லை. லைகா எம் மோனோக்ரோமுக்கு அந்த வெள்ளைதான் சோதனை. 2012-இல் வந்த இந்த டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டரின் சென்சாரில் வண்ண வடிகட்டியே கிடையாது.

ஃபோகஸ் சுலபம்: ஜன்னலில் தெரியும் இரட்டை உருவத்தை ஒன்றாக்கினால் போதும். சிக்கல் வெளிச்சத்தில். வண்ணக் கேமராவில் வெளிறிய இடத்தைச் சிவப்பு, பச்சை, நீலத்தில் தப்பிய ஒன்றிலிருந்து ஓரளவு மீட்கலாம். இங்கே போனது போனதுதான். வேட்டியின் மடிப்பெல்லாம் வெறும் திட்டு. எனவே துணிக்குத்தான் அளவெடுக்க வேண்டும், நிழலைப் பிறகு கணினியில் தூக்கிக்கொள்ளலாம். (நெகட்டிவ் ஃபிலிமில் பழகியவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம்.)

விளைவு, துணி பளிச்சிடுகிறது, வெளுத்தவர் நிழலுருவாகிவிடுகிறார். அவர் முகம் வேண்டுமானால் வெயில் ஏறுமுன் துவைக்கும் தொட்டியருகே நிற்க வேண்டும். அப்போது கொடியில் துணி இருக்காது.