தொழிலாளியின் பேரேடு

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டுமென்பது நம் முன்னோர் வாக்கு. தொழிலுக்கும் இது முற்றிலும் பொருந்தும். ஆயினும் நம் ஆலைகளின் பேரேடுகளைப் புரட்டிப் பார்ப்போருக்குச் சித்திரத்தின் கணக்கு பக்கம் பக்கமாகக் கிடைக்குமேயன்றிச் சுவரின் கணக்கு அரிதாகவே தென்படும். இன்ன தேதியில் வேலைக்கு அமர்ந்தான், இத்தனை நாள் வராதிருந்தான், இத்தனை உருப்படி முடித்தான், இத்தனை உடைத்தான், இன்ன தேதியில் விலக்கப்பட்டான் என்றிவையெல்லாம் பிசகின்றி எழுதப்பட்டிருக்கும். அவனுடைய தேகம் வந்தபோது எவ்வாறிருந்தது, போகும்போது எவ்வாறாயிற்று என்ற கேள்விக்கு விடையில்லாத பேரேடு பாதிப் பேரேடேயாகும். இவ்வுண்மையைத் தமிழ்நாட்டுக்கு மிகக் கசப்பான முறையில் போதித்த ஊர், பழனிமலை மீதுள்ள கோடைக்கானல்.

கோடைக்கானலென்றால் ஏரியும் குறிஞ்சி மலருமே நம்மிற் பலருக்கு நினைவு வரும். அவ்வூரில் செயின்ட் மேரிஸ் ரோட்டில், பாம்பாறு சோலையை அடுத்து, 1983-ஆம் ஆண்டில் பாண்ட்ஸ் கம்பெனியார் ஒரு தர்மாமீட்டர் ஆலையை நிறுவினர். அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து வாட்டர்டவுனில் நடந்துவந்த ஆலையின் இயந்திரங்களே இங்கு வந்திறங்கின. பின்னர் பாண்ட்ஸ் கம்பெனி யூனிலீவரின் கைக்கு மாறவே, ஆலை ஹிந்துஸ்தான் லீவரின் உடைமையாயிற்று. பாதரஸம் அந்நிய நாட்டினின்று வந்தது. செய்து முடித்த தர்மாமீட்டர்களும் அந்நிய நாட்டுக்கே சென்றன. நடுவே நம்முடையதாக நின்றது மலைநாட்டு வாலிபர்களின் உழைப்பு ஒன்றே.

2001 மார்ச் மாதத்தில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கிடங்கிலே பாதரஸம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் டன் கணக்கில் கிடந்தது வெளிப்பட்டது. பழனிமலைப் பாதுகாப்புக் கவுன்ஸிலும், கிரீன்பீஸ் ஸ்தாபனமும், ஊர் மக்களும் இதனை அம்பலமாக்கினர். அவ்வாண்டிலேயே ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் கழிவுப் பொருள் கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பிச் சென்றது. ஆலை நின்ற மண்ணைச் சுத்தி செய்வதுபற்றி, ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் பாதரஸம் மிஞ்சலாமென்று பல்லாண்டுகள் விவாதம் நடந்தது. கழிவை நிறுத்தார்கள், மண்ணை அளந்தார்கள். அது தக்கதே. ஆனால் அங்கு உழைத்தவர்களின் உடலுக்கு என்ன கணக்கு?

பாதரஸத்தின் இயல்பை இங்கே சிறிது கவனித்தல் அவசியம். அது சாதாரண உஷ்ணத்திலேயே ஆவியாகும் உலோகம். அவ்வாவிக்கு நிறமில்லை, மணமுமில்லை. மூச்சின் வழியே புகுந்து நரம்புகளையும் சிறுநீரகங்களையும் தாக்கும். கை நடுங்கும், மறதி உண்டாகும், உறக்கம் கெடும், காரணமின்றி எரிச்சலும் சோர்வும் தோன்றும். ஐரோப்பாவில் தொப்பி செய்வோர் முன்னாளில் இவ்வாறே அல்லலுற்றனர்.

இக்குறிகளை ஒரு மேஸ்திரியின் கண்கொண்டு பாருங்கள். கை நடுங்குபவன் கண்ணாடிக் குழாயை உடைப்பான். ஆகவே அவன் கவனமற்றவன். மறதியுள்ளவன் சொன்னதைச் செய்யான், ஆகவே சோம்பேறி. எரிச்சலுள்ளவன் எதிர்த்துப் பேசுவான், ஆகவே அடங்காதவன். உடலின் கணக்கு இல்லாத பேரேட்டில் நோயெல்லாம் குற்றமாகவே பதியும். வேலைத்திறனை அளக்கும் விதி எத்துணைச் செம்மையாயிருப்பினும், குறைவு எதனால் நேர்ந்ததென்று வினவாதாயின், அது விஷத்தின் விளைவுக்கு விஷமுண்டவனையே தண்டிக்கும்.

நம் நாட்டில் சட்டமே இல்லையென்று ஒருவரும் சொல்லற்க. 1984 டிசம்பரில் போபாலில் நேர்ந்த கொடுமைக்குப்பின், 1948-ஆம் வருஷத்து ஆலைச் சட்டம் 1987-இல் திருத்தப்பட்டது. அபாயப் பொருள்களைக் கையாளும் தொழிலாளியை அவ்வேலையில் அமர்த்துவதற்கு முன்னும், வேலை செய்யுங்காலத்தும், அவ்வேலையினின்று நீங்கிய பின்னும், பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்படாத இடைவெளிகளில் வைத்தியப் பரிசோதனை செய்ய வேண்டுமென்றும், அவனது ஆரோக்கியப் பதிவுகள் அவன் பார்வைக்குக் கிடைக்க வேண்டுமென்றும் அத்திருத்தம் விதித்தது. பாதரஸ நோய், ஸர்க்காருக்கு அறிவித்தே தீர வேண்டிய நோய்களின் அட்டவணையில் இடம்பெற்றிருந்தது. நீங்கிய பின்னும் என்ற சொற்களை வாசகர்கள் ஊன்றி நோக்குக. கணக்குத் தீர்த்துக் கையொப்பம் வாங்கியவுடன் முதலாளியின் கடமை தீர்ந்துவிடாதென்பதே அவற்றின் பொருள்.

கோடைக்கானலில் நடந்ததென்ன? தக்க எச்சரிக்கையும் பாதுகாப்புச் சாதனங்களும் தமக்கு அளிக்கப்படவில்லையென்றும், தம் உடலைப்பற்றிய பதிவுகள் தம் கைக்கு வரவில்லையென்றும் தொழிலாளர் முறையிட்டனர். பரிசோதனைகள் ஒழுங்காய் நடந்தனவென்றும், நோய்களுக்கு ஆலை காரணமன்றென்றும் கம்பெனியார் மறுத்தனர். 2006-இல் முன்னாள் தொழிலாளர் சென்னை ஹைக்கோர்ட்டை அணுகினர். தொழிலாளரேயன்றி அவர்தம் மக்களும் பாதிக்கப்பட்டிருப்பதற்கு முகாந்திரம் உண்டென்று 2011-இல் மத்திய தொழில் அமைச்சின் குழு கூறிற்று. முடிவில் 2016 மார்ச்சில் 591 தொழிலாளருடன் கம்பெனி உடன்படிக்கை செய்துகொண்டது. அப்போதும் அது கருணையால் அளிக்கும் உதவி என்றே சொல்லப்பட்டது, தொகையும் வெளியிடப்படவில்லை. ஆலை மூடிப் பதினைந்து வருஷங்கள் சென்று கிடைத்ததை வெற்றியென்போமா? பேரேடு ஆதிமுதல் தொழிலாளியின் கையிலும் ஒரு பிரதியாக இருந்திருப்பின், இவ்வழக்கின் பெரும்பகுதி ஒரு நாளில் தீர்ந்திருக்கும். உரிமையாகக் கேட்க வேண்டியதைக் கருணையாகப் பெறும்படி நேர்ந்ததற்கு, சாட்சியம் முழுதும் ஒரு தரப்பாரிடம் மட்டுமே இருந்ததும் ஒரு காரணமென்பது நம் அபிப்பிராயம்.

ஒழுங்கும் கணக்குமின்றித் தொழில் நடவாதென்று முதலாளிமார் கூறுவர். நாமும் அதனை ஒப்புகிறோம். சோம்பலை ஆதரிப்பது நமது நோக்கமன்று. நாம் கேட்பது கணக்கு முழுமையாயிருக்க வேண்டுமென்பதே. வேலைக்கு அமர்த்தும்போது செய்யும் பரிசோதனையின் பிரதி தொழிலாளியிடம் இருக்க வேண்டும். வரவுக் குறைவுக்கோ வேலைக் குறைவுக்கோ ஒருவனைத் தண்டிக்குமுன், அவனது ஆரோக்கியப் பதிவை வைத்தியர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். வேலையினின்று நீங்கியவனுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை நடக்க வேண்டும். ஆலை கைமாறினாலும் மூடப்பட்டாலும் பதிவுகள் அழியாமல் ஸர்க்காரின் காவலில் நிற்க வேண்டும். கன்டிராக்டர் மூலம் வருகிறவனுக்கும் இவை உரியவை. இன்று ஆலைதோறும் பெருகிவரும் கன்டிராக்ட் தொழிலாளருக்குப் பாதிப் பேரேடு கூட நிலைத்திருப்பது அரிது.

பழைய தொழிற்சட்டங்கள் 2020-இல் இயற்றப்பட்ட தொகுப்புச் சட்டங்களில் அடக்கப்பட்டுள்ளன. சட்டத்தின் பெயர் மாறினால் ஆவி விஷமின்றிப் போய்விடாது. 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் சிதம்பரம் பிள்ளையையும் சுப்பிரமணிய சிவாவையும் துணைக்கொண்டு வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் வார ஓய்வும் பெற்றனர். அன்று கேட்டது உழைப்பின் விலையும் ஓய்வும். இன்று கேட்க வேண்டியது உடலின் கணக்கு. தொழிற்சங்கத்தார் ஒவ்வொருவரும் தத்தம் ஆலை வாயிலில் முதற்கண் இதனைக் கேட்பார்களாக.