டிஷ் இல்லாத ஊரில் எச்டி

தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு வேலை மாற்றலாகி வரும் குடும்பங்கள், டோபி காட் பக்கம் வாடகை வீடு பிடித்துப் பெட்டிகளைப் பிரித்து முடித்ததும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இங்கே எந்த டிஷ் நல்லது?” சன் டைரக்டா, டாடா பிளேயா என்று ஊரில் கேட்டுப் பழகியவர்களின் கேள்வி அது. இங்கே அதற்குப் பதில்: எதுவும் இல்லை. செயற்கைக்கோள் அலையை நேரடியாக வாங்கும் கருவிக்கு இந்நாட்டில் உரிமம் வேண்டும். சாதாரண வீடுகளுக்கு அது கிடைப்பதில்லை. வீவக (வீட்டு வசதி வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் சன்னல்களுக்கு வெளியே மூங்கில் கழிகளில் துணி காயும், தட்டு ஆன்டெனாவைப் பார்க்க முடியாது.

ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் கதை வேறு. மலேசியாவின் ஆஸ்ட்ரோ 1996 முதல் வீட்டுக் கூரைகளில் டிஷ் பொருத்தித் தமிழ் ஒளிவழிகளைத் தருகிறது. விண்மீன் எச்டி என்று உயர் வரையறையிலேயே ஒரு தமிழ் ஒளிவழியும் வைத்திருக்கிறது. அந்தச் செயற்கைக்கோளின் கதிர் சிங்கப்பூர் மேலும்தான் விழுகிறது. தடுப்பது சட்டம். வெளிநாட்டு ஒளிபரப்பு கட்டுப்பாடின்றி வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அரசின் பழைய நிலைப்பாடு. அதற்கு மாற்றாகத்தான் 1990களில் சிங்கப்பூர் கேபிள் விஷன் தீவு முழுக்கக் கேபிள் இழுத்தது. அந்த நிறுவனம் 2002இல் ஸ்டார்ஹப்போடு இணைந்தது. சிங்டெல் 2007இல் ‘மியோ டிவி’ என்ற பெயரில் போட்டிக்கு வந்தது. ஸ்டார்ஹப்பின் பழைய கேபிளும் 2019இல் ஓய்வு பெற்றுவிட்டது. இப்போது இரண்டுமே ஃபைபர் வழியாகத்தான் வருகின்றன.

செயற்கைக்கோள் அடியோடு இல்லாமல் போய்விடவில்லை. வெளிநாட்டு ஒளிவழிகளைத் தன் நிலையத்தில் பெரிய டிஷ்களில் வாங்கி, நமக்குக் கம்பியில் அனுப்பும் வேலையைச் சேவை நிறுவனமே செய்யலாம். இதில் ஒரு லாபம்: வெப்பமண்டல மழை கொட்டும்போது கூரை டிஷ்ஷில் படம் கட்டம் கட்டமாக உடைந்து மறைவதை ஆஸ்ட்ரோ பார்ப்பவர்கள் நன்கு அறிவார்கள். சிங்கப்பூர் வரவேற்பறையில் அந்தத் தொல்லை இல்லை.

இனி எச்டி. பழைய பால் (PAL) ஒளிபரப்பு முறைப் படத்தில் 576 வரிகள். முழு எச்டியில் 1080 வரிகள், வரிக்கு 1920 புள்ளிகள். ஆக மொத்தம் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். பழையதில் 4 லட்சத்துச் சொச்சம்தான். ஐந்து மடங்கு வித்தியாசம். ஆனால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய, ஒளிபரப்பு, பெட்டி, கம்பி, திரை நான்கும் எச்டியாக இருக்க வேண்டும். பெரிய 4கே தொலைக்காட்சி வாங்கி, அதில் சாதாரணத் தரத்தில் வரும் தொடரைப் பார்த்துவிட்டு “டிவி சரியில்லை” என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. டிவி சரியாகத்தான் இருக்கிறது. நாலு லட்சம் புள்ளியை எண்பது லட்சம் புள்ளித் திரையில் இழுத்துப் பரப்பினால் முகம் மெழுகுபோலத்தான் தெரியும். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் முனை கொண்ட பழைய கம்பியில் பெட்டியை இணைத்திருந்தாலும் அதே கதிதான். அந்தக் கம்பியில் எச்டி வராது, எச்டிஎம்ஐ வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று, இலவச எச்டி. அதற்கு ஒரு முன்கதை உண்டு. சிங்கப்பூரில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 பிப்ரவரி 15. டோபி காட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும், அன்று விக்டோரியா நினைவு மண்டபம் என்று அழைக்கப்பட்ட அரங்கில் அதைத் தொடங்கிவைத்தவர், யாழ்ப்பாணத்தில் பிறந்த அன்றைய கலாசார அமைச்சர் சி. ராஜரத்தினம். அரை நூற்றாண்டு கழித்து, 2013 டிசம்பர் 16இல், உள்ளூர் இலவச ஒளிபரப்பு நிறுவனமான மீடியாகார்ப் டிவிபி-டி2 என்ற மின்னிலக்க முறைக்கு மாறத் தொடங்கியது. பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. மாற்றத்தின்போது, கட்டணத் தொலைக்காட்சி இல்லாத வீவக வீடுகளுக்கு அரசு 100 வெள்ளி பற்றுச்சீட்டும் தந்தது. ஆண்டுக்கு 110 வெள்ளி தொலைக்காட்சி உரிமக் கட்டணமும் 2011இலேயே போய்விட்டது. 2008 அக்டோபர் முதல் தனி ஒளிவழியாக இருக்கும் மீடியாகார்ப்பின் தமிழ்ச் சேவை வசந்தம், இன்று சிறிய உள் ஆன்டெனா ஒன்றிருந்தால் காசில்லாமல் எச்டியில் வருகிறது. மீவாட்ச் செயலியிலும் பார்க்கலாம். மாதாமாதம் கட்டணம் கட்டிக்கொண்டு வசந்தம் மட்டுமே பார்க்கும் வீடுகள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

ஊரிலிருந்து டிவியைத் தூக்கி வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அதில் டிவிபி-டி2 அலைவாங்கி இல்லையென்றால் தனிப் பெட்டி வாங்க வேண்டியிருக்கும். கப்பலில் ஏற்றுமுன் டிவியின் பின்பக்க விவரத்தைப் படித்துவிடுங்கள்.

சன், விஜய் போன்றவை இல்லாமல் முடியாது என்கிற வீடுகளுக்குக் கட்டணச் சேவை தேவைதான். அப்போது தொகுப்பில் எத்தனை ஒளிவழிகள் என்று எண்ணாதீர்கள். நீங்கள் தினமும் பார்க்கும் ஒளிவழி அங்கே எச்டியில் வருகிறதா, சாதாரணத் தரத்தில் வருகிறதா என்று கேளுங்கள். ஊரில் எச்டியாக இருப்பது இங்கும் எச்டியாக வந்தாக வேண்டும் என்பதில்லை. ஒப்பந்தக் காலம் எவ்வளவு, இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.